கற்பனை நாட்டுக்கு மக்கள்தொகை அமைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாவலுக்கோ கணினி விளையாட்டுக்கோ ஒரு நாட்டைக் கற்பனை செய்கிறவர்கள் வரைபடம் வரைகிறார்கள், கொடி வரைகிறார்கள், அரச வம்சத்துக்கு ஏழு தலைமுறைக்குப் பெயர் வைக்கிறார்கள். அங்கே எத்தனை பேர், எப்படிப்பட்டவர்கள் வாழ்கிறார்கள் என்று வரும்போது மட்டும் கைக்கு வந்த எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். அதில் எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேபோல் இருப்பதால் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். பதில்களில் வரும் '1 கோடிப் பேர் நாடு' கணக்குக்காக வைத்துக்கொண்டது. உண்மை நாடுகளின் பெயரோடு வரும் எண்கள் உண்மையானவை.

எந்த எண்ணிலேர்ந்து ஆரம்பிக்கணும்? சும்மா 5 கோடின்னு வச்சுக்கலாமா?

மொத்த எண்ணிக்கையை முதலில் போடாதீர்கள். பரப்பளவையும் அடர்த்தியையும் முடிவு செய்யுங்கள். இரண்டையும் பெருக்கினால் மொத்தம் தானாக வரும். ஒப்பிட்டுப் பார்க்கச் சில அளவுகோல்கள்: 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் பரப்பு 1,30,060 சதுர கி.மீ., அடர்த்தி சதுர கி.மீ.க்கு 555 பேர். அதே ஆண்டில் இந்தியா முழுமைக்கும் 382. இலங்கை 2012-ல் 325. வங்கதேசம் 1,100-க்கு மேல். மங்கோலியா 2.

சராசரி அடர்த்தி ஏமாற்றும் என்பதையும் நினைவில் வையுங்கள். எகிப்தின் மக்களில் ஏறக்குறைய 95% பேர் நைல் நதியை ஒட்டிய சுமார் 5% நிலத்தில்தான் வாழ்கிறார்கள். உங்கள் நாட்டில் பாலைவனமோ பனிமலையோ இருந்தால் அந்தப் பரப்பைக் கழித்துவிட்டு, குடியிருக்கத் தக்க நிலத்துக்கு மட்டும் அடர்த்தி போடுங்கள்.

என் கதை ராஜா காலத்துல நடக்குது. அப்பவும் 500 பேர் அடர்த்தி வைக்கலாமா?

வைத்தால் பாதி நாடு பட்டினி கிடக்கும். வெளியிலிருந்து உணவு பெரிய அளவில் வராத காலத்தில் மக்கள்தொகைக்கு எல்லை போடுவது வயல். ஒருவருக்கு வருடத்துக்குச் சுமார் 200 கிலோ தானியம் வேண்டும். பசுமைப் புரட்சிக்கு முன், 1950-51-ல், இந்தியாவில் ஒரு ஹெக்டேருக்குக் கிடைத்த அரிசி சராசரியாக 668 கிலோ. விதைக்கு எடுத்து வைப்பது, எலி தின்றது, அழுகியது எல்லாம் போக 500 கிலோ மிஞ்சும் என்று வைத்தால் ஒரு ஹெக்டேர் இரண்டரைப் பேருக்குச் சோறு போடும். ஒரு சதுர கிலோமீட்டரில் 100 ஹெக்டேர். அதில் 30 ஹெக்டேர்தான் சாகுபடி என்றால் 75 பேர்.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமில்லை. 1901-ல் இந்தியாவின் அடர்த்தி சதுர கி.மீ.க்கு 77. ஆற்றுப் பாசனமும் இரண்டு போகமும் உள்ள டெல்டாவுக்கு இதைப்போல் பல மடங்கு போகலாம். மேய்ச்சல் நிலத்துக்கு ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட வேண்டும். இறைச்சியும் பாலுமே உணவு என்றால் ஒரு வீட்டுக்குத் தேவைப்படும் நிலம் அவ்வளவு பெரிது.

மொத்தம் சரியா 1,00,00,000-ன்னு போட்டா செயற்கையா தெரியுமா?

யார் சொல்வதாக அந்த எண் வருகிறது என்பதைப் பொறுத்தது. ஒரு பாத்திரம் பேச்சில் சொன்னால் 'ஒரு கோடி' என்பதுதான் இயல்பு. அரசு ஆவணம் என்றால் கடைசி இலக்கம் வரை வேண்டும். தமிழ்நாட்டின் 2011 எண்ணிக்கை 7,21,47,030. தலைகளை எண்ணும் வழக்கமே இல்லாத அரசில் அப்படி ஓர் எண் இருக்க முடியாது. அங்கே கிடைப்பது வரி கட்டிய வீடுகளின் எண்ணிக்கை. அதை 4 அல்லது 5 ஆல் பெருக்கி ஊகிப்பார்கள்.

வயசு வாரியா எப்படிப் பிரிக்கிறது?

ஐந்தைந்து வருட அடுக்குகளாகப் பிரியுங்கள்: 0–4, 5–9 என்று 75–79 வரை, அதற்கு மேல் '80-க்கு மேல்' என்று ஒரே அடுக்கு. பிறகு உங்கள் நாடு வளர்கிறதா, நின்றுவிட்டதா என்று முடிவு செய்யுங்கள். ஆளுக்கு ஐந்தாறு பிள்ளைகள் பிறந்து வேகமாக வளரும் நாட்டில், ஒவ்வொரு அடுக்கும் தனக்குக் கீழே உள்ளதில் சுமார் 87% இருக்கும். முதல் அடுக்கை 100 என்று வைத்தால் அடுத்தது 87, அதற்கு அடுத்தது 76, பிறகு 66. 75–79 வரையுள்ள 16 அடுக்குகளையும் கூட்டினால் ஏறக்குறைய 686. ஒவ்வொன்றையும் 686 ஆல் வகுத்தால் சதவீதம் கிடைக்கும். இதில் 0–4 வயதினர் மட்டும் 14.6%, 15 வயதுக்குக் கீழே 38%, 60-க்கு மேல் 9%தான். தெருவெல்லாம் பிள்ளைகளாகத் தெரியும் நாடு இது.

வளர்ச்சி நின்று, மருத்துவமும் நன்றாக உள்ள நாட்டில் 60 வயது வரையுள்ள 12 அடுக்குகளும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஒவ்வொன்றும் 100 என்று வைத்துக்கொண்டு, அதற்கு மேலே 93, 85, 72, 50, 30 என்று குறையுங்கள். கூட்டினால் 1,530. இதில் 15 வயதுக்குக் கீழே 19.6%; 60-க்கு மேல் 21.6%. முதல் வகை கூம்பு, இரண்டாவது தூண்.

பலரும் இடறுவது இங்கேதான். போர்ப் பின்னணி, ஏழ்மை, பெரிய குடும்பங்கள் என்று எழுதிவிட்டு, தூண் வடிவ நாட்டின் எண்களை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். ஜப்பானின் நடு வயது (மக்களில் பாதிப் பேர் அதற்குக் கீழே, பாதிப் பேர் மேலே இருக்கும் வயது) ஏறக்குறைய 49, நைஜருக்கு ஏறக்குறைய 15. இந்த இரண்டு நாடுகளிலும் பள்ளிக்கூடம், வேலை, கல்யாணம், மரணம் எதுவும் ஒரே மாதிரி நடக்காது.

பிறப்பு வீதம், இறப்பு வீதத்துக்கு என்ன எண் போடறது?

தன்னிச்சையாகப் போடாதீர்கள், வயதுப் பிரிவிலிருந்தே எடுக்கலாம். மேலே சொன்ன தூண் நாட்டில் 1 கோடிப் பேர் இருந்தால் 0–4 அடுக்கில் சுமார் 6.5 லட்சம் பேர். அதை ஐந்தால் வகுத்தால் வருடத்துக்கு 1.3 லட்சம் பிறப்பு, அதாவது ஆயிரத்துக்கு 13. வளர்ச்சி இல்லை என்பதால் இறப்பும் 13. ஆயிரத்தை 13.07 ஆல் வகுத்தால் 76.5, அதுவே அந்நாட்டின் சராசரி ஆயுள். மக்கள்தொகை நிலையாக நிற்கும் நாட்டில் இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை. ஆயுள் 40 என்று எழுதிவிட்டுப் பிறப்பும் இறப்பும் 13 என்று போட்டால் கணக்கு உடைந்துவிடும். ஆயுள் 40 என்றால் இரண்டும் 25 ஆக வேண்டும்.

கூம்பு நாட்டில் பிறப்பு வீதம் 30-ஐத் தாண்டும். பிறப்பிலிருந்து இறப்பைக் கழித்துப் பத்தால் வகுத்தால் வருட வளர்ச்சி சதவீதம் வரும். 70-ஐ அந்தச் சதவீதத்தால் வகுத்தால் மக்கள்தொகை இரட்டிப்பாக எத்தனை வருடம் என்பது தெரியும்: 2% என்றால் 35 வருடம்.

ஒரு பெண்ணுக்கு 2.1 பிள்ளைக்குக் கீழே போனா உடனே மக்கள்தொகை குறைஞ்சிடும்தானே?

குறையாது. 2.1 என்பது ஒரு தலைமுறை தன் இடத்தை அப்படியே நிரப்பத் தேவையான பிள்ளைகளின் சராசரி. அதற்குக் கீழே போனாலும் உடனே குறையாததற்குத் தமிழ்நாடே நல்ல எடுத்துக்காட்டு. 2020-ல் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி ஒரு பெண்ணுக்கு 1.4 பிள்ளைதான்; ஆனாலும் பிறப்பு வீதம் 13.8, இறப்பு வீதம் 6.1. பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்கள், பிள்ளைகள் அதிகம் பிறந்த முந்தைய காலத்தில் பிறந்தவர்கள், எண்ணிக்கையில் அதிகம். ஆளுக்கு ஒன்றிரண்டு பெற்றாலும் மொத்தப் பிறப்பு இறப்பைவிடக் கூடுதலாகவே நிற்கும். ஜப்பான் 1970-களின் நடுவிலேயே 2.1-க்குக் கீழே போனது. அங்கே இறப்பு பிறப்பைத் தாண்ட ஏறக்குறைய முப்பது வருடம் ஆயிற்று.

2.1 என்பது இன்றைய மருத்துவத்துக்கு உரிய எண். பிறந்த பிள்ளைகளில் பாதி வளர்வதற்குள் சாகும் காலத்தில் ஒரு பெண் நாலைந்து பெற்றால்தான் மக்கள்தொகை அப்படியே நிற்கும்.

சராசரி ஆயுள் 30-ன்னா 30 வயசுலயே எல்லாரும் கிழவங்களா?

இல்லை. 100 பேர் பிறக்கிறார்கள். 40 பேர் ஐந்து வயதுக்குள், சராசரியாக ஒன்றரை வயதில் இறக்கிறார்கள். மீதி 60 பேர் சராசரியாக 50 வரை வாழ்கிறார்கள். மொத்தச் சராசரி 30.6. அந்த நாட்டிலும் எழுபது வயதுப் பாட்டி இருப்பாள். அங்கே அரிதானது முதுமை இல்லை, ஒரு பிள்ளையையும் பறிகொடுக்காத தாய்.

ஆண், பெண் ரெண்டும் 50-50 போட்டுடலாமா?

பிறக்கும்போதே சமம் இல்லை. 100 பெண் குழந்தைகளுக்கு ஏறக்குறைய 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. ஆண்கள் எல்லா வயதிலும் சற்றே அதிகமாக இறப்பதால் நடு வயதில் சமமாகி, முதுமையில் பெண்கள் கூடுவார்கள். 80-க்கு மேல் உள்ள அடுக்கில் பெண்களை அதிகமாக வையுங்கள்.

இதைவிட்டு விலகும் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு காரணம் இருக்கும். 2011-ல் ஆயிரம் ஆண்களுக்குத் தமிழ்நாட்டில் 996 பெண்கள், கேரளத்தில் 1,084, ஹரியானாவில் 879. கேரளத்தின் எண்ணுக்கு ஆண்கள் வெளியே வேலைக்குப் போவதும் ஒரு காரணம். ஹரியானாவின் எண் பிறக்கவிடாத பெண் சிசுக்களையும் கவனிப்பின்றிச் செத்த சிறுமிகளையும் சொல்கிறது. கத்தாரில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு ஆண்கள். வந்து வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்பதால். உங்கள் அட்டவணையில் 879 போட்டால், அந்த 121 பெண்கள் எங்கே போனார்கள் என்பதற்குக் கதையில் பதில் இருக்க வேண்டும்.

இருபது வருஷம் முன்னாடி பெரிய போர் நடந்துச்சு. அதை எண்ணுல எப்படிக் காட்டறது?

இரண்டு இடத்தில் வெட்டு விழும். போரின்போது 18 முதல் 35 வயதாக இருந்த ஆண்கள் இன்று 38 முதல் 55. அந்த அடுக்குகளில் ஆண் பக்கம் மட்டும் குறையும். போர்க்காலத்தில் பிறப்பும் குறைந்திருக்கும். அதனால் இன்று இருபதை ஒட்டிய அடுக்கில் இரு பக்கமும் குறையும். இந்தச் சின்ன அடுக்கு பிள்ளை பெறும் வயதுக்கு வரும்போது பிறப்பு மறுபடி குறையும், காயம் எதிரொலிக்கும். இரண்டாம் உலகப் போர் முடிந்து 14 வருடம் கழித்து, 1959-ல் சோவியத் ஒன்றியம் எண்ணியபோது ஆண்கள் 45%, பெண்கள் 55%.

பஞ்சம் வேறு மாதிரி. அது குழந்தைகளையும் முதியோரையும் முதலில் கொண்டுபோகும். உயிர் தப்பியவர்களில் இளைஞர்களை நாட்டைவிட்டு விரட்டும். உருளைக்கிழங்கு நோய் வந்த அயர்லாந்து தீவில் 1841-ல் ஏறக்குறைய 82 லட்சம் பேர், 1851-ல் 65.5 லட்சம். பஞ்சம் தீர்ந்த பிறகும் பல பத்தாண்டுகள் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே இருந்தது. போனவர்கள் திரும்பவில்லை, இருந்தவர்களும் கப்பலேறினார்கள்.

சட்டமும் நம்பிக்கையும்கூடத் தடம் பதிக்கும். 1966-ல் ருமேனியா கருக்கலைப்பைத் தடை செய்தது, 2.74 லட்சமாக இருந்த பிறப்பு 1967-ல் 5.28 லட்சமானது. அதே 1966 ஜப்பானில் 'நெருப்புக் குதிரை' ஆண்டு. அதில் பிறக்கும் பெண் புருஷனுக்கு ஆகாது என்ற நம்பிக்கையால் அந்த ஓராண்டு மட்டும் பிறப்பு கால்வாசி குறைந்தது.

தலைநகர்ல எத்தனை பேர் இருக்கணும்? மொத்தம் எத்தனை நகரம்?

பொதுவாகப் பொருந்தும் ஒரு சூத்திரம்: முதல் நகரம் 20 லட்சம் என்றால் இரண்டாவது அதில் பாதி, 10 லட்சம், மூன்றாவது மூன்றில் ஒரு பங்கு, 6.7 லட்சம், நான்காவது 5 லட்சம். எல்லா அதிகாரமும் ஒரே இடத்தில் குவிந்த நாட்டில் இது உடைந்து, தலைநகர் மட்டும் பூதாகரமாகும். மங்கோலியாவில் மக்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் உலான்பத்தோரில். பல அரசுகள் இணைந்து உருவான நாட்டில் சம அளவில் மூன்று நான்கு பெருநகரங்கள் இருக்கும்.

ராஜா காலத்துக் கதையில் நகரத்தில் வாழ்வோர் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாக்கடை இல்லாத அந்தப் பெருநகரங்களில் பிறப்பைவிட இறப்பு அதிகம். கிராமத்திலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தால்தான் நகரம் நிற்கும். 17-ஆம் நூற்றாண்டு லண்டன் அப்படித்தான் வளர்ந்தது.

ராணுவத்துல எத்தனை பேர்?

ஏர் பிடிக்கும் சமூகம் நிரந்தரமாகச் சோறு போடக்கூடியது 100-க்கு ஒருவருக்குத்தான். 1 கோடிப் பேர் நாட்டில் 10 லட்சம் குதிரை வீரர்களை நிறுத்தாதீர்கள். இன்றைய இந்தியாவில் இது சுமார் 0.1%. மொத்த நாடும் போரில் இறங்கும்போது மட்டும் எண் எகிறும்: முதல் உலகப் போரில் சுமார் 4 கோடிப் பேர் கொண்ட பிரான்ஸ் நான்கு ஆண்டுகளில் 80 லட்சம் பேரைப் படைக்கு அழைத்தது. அப்போது வயல், தொழிற்சாலை எல்லாம் பெண்கள் கையில்.

என் நாட்டுல அஞ்சு இனம், ஒவ்வொண்ணும் 20%. இது போதுமா?

அப்படிச் சமமாகப் பிரிந்த நாடு கிடைப்பது அரிது. பெரும்பாலும் ஒன்று பெரியது, ஒன்றிரண்டு நடுத்தரம், பிறகு நீண்ட வால். சதவீதத்தைவிட முக்கியம், அந்த மக்கள் எப்போது, ஏன் வந்தார்கள், எங்கே செறிந்து வாழ்கிறார்கள் என்பது. நாடு முழுக்கச் சிதறிய 10% மக்களுக்கும், ஒரு மாகாணத்தில் பெரும்பான்மையாக இருக்கும் 10% மக்களுக்கும் அரசியல் முற்றிலும் வேறு.

இலங்கையைப் பாருங்கள். 1946-ல் இலங்கைத் தமிழர் 11%, தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட இந்திய வம்சாவளித் தமிழர் 11.7%. அதாவது மலையகத்தார் எண்ணிக்கையில் சற்று அதிகம். 1948-ன் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-ல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5.25 லட்சம் பேரை இந்தியாவுக்கு, 3 லட்சம் பேரை இலங்கைக்கு என்று பங்கிட்டது, 1.5 லட்சம் பேரின் கதியைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டது. 2012-ல் அவர்கள் பங்கு சுமார் 4%. கப்பலேற்றியது முதன்மைக் காரணம். தங்களை 'இலங்கைத் தமிழர்' என்று பதிவு செய்துகொண்டவர்களும் உண்டு. 11.7 என்ற எண்ணும் 4 என்ற எண்ணும் அடுத்தடுத்த வரியில் நின்றால் போதும், இடையில் பிரிக்கப்பட்ட குடும்பங்கள் அதற்குள் இருக்கின்றன. உங்கள் அட்டவணைக்கும் குறைந்தது இரண்டு ஆண்டுகளின் எண்கள் வேண்டும். ஒரே ஆண்டின் சதவீதத்தில் வரலாறு தெரியாது.

இனம், மொழி, மதம் மூணுக்கும் தனித்தனியா சதவீதம் போடணுமா?

தனித்தனியாகப் போட்டு, அவை எங்கே குறுக்கே வெட்டிக்கொள்கின்றன என்றும் காட்ட வேண்டும். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோரின் தாய்மொழி தமிழ். கணக்கெடுப்பில் அவர்கள் தனி இனம். தமிழரிலும் சிங்களரிலும் கிறிஸ்தவர்கள் உண்டு. 'ஓர் இனம், ஒரு மொழி, ஒரு மதம்' என்று மூன்றையும் ஒட்டவைத்தால் நாடு பொம்மைக் கொலு மாதிரி ஆகிவிடும்.

கடைசில 'மற்றவர்கள் 3%'-ன்னு போட்டு முடிச்சிடலாமா?

1 கோடியில் 3% என்பது 3 லட்சம் உயிர்கள். அரசு ஆவணத்தில் அப்படி ஒரு வரி வரத்தான் செய்யும். 2011 இந்தியக் கணக்கெடுப்பு 10,000 பேருக்கு மேல் பேசும் 121 மொழிகளைத்தான் பட்டியலிட்டது, மற்றவை ஒரே தொகுப்பில் போயின. அந்தக் கணக்கெடுப்பில் மக்கள் தங்கள் தாய்மொழி என்று சொன்ன பெயர்கள் 19,569. அரசு 'மற்றவர்கள்' என்று எழுதலாம். படைத்தவர் என்ற முறையில் அந்த வரிக்குள் யார் யார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு சிறுபான்மை நூறு வருஷத்துல பெரும்பான்மையா மாறிடுமா?

கணக்கு இது. 80–20 என்று பிரிந்த நாட்டில் பெரிய குழு வருடத்துக்கு 0.5%, சிறிய குழு 1.5% வளர்ந்தால், 50 ஆண்டில் சிறிய குழு 29%, 100 ஆண்டில் 40%. இவ்வளவு இடைவெளி நூறாண்டு மாறாமல் நீடித்தாலும் பாதியைத் தாண்டவில்லை.

ஆனால் இடைவெளி நீடிப்பதில்லை. தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 1992-93-ல் ஓர் இந்துப் பெண்ணுக்கு 3.3 பிள்ளை, முஸ்லிம் பெண்ணுக்கு 4.4. 2019-21-ல் 1.94, 2.36. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வந்தால் எல்லோருக்கும் ஒரே திசையில்தான் இறங்குகிறது. கதையில் ஓர் அரசியல்வாதி 'அவர்கள் நம்மை விழுங்கிவிடுவார்கள்' என்று பேசலாம். அட்டவணை அவரை ஆமோதிக்கக் கூடாது. பங்கு சடாரென்று மாற வேண்டுமானால் குடியேற்றம், வெளியேற்றம், எல்லை மாற்றம், மதமாற்றம், மேலே இலங்கையில் கண்டதுபோல் குடியுரிமைப் பறிப்பு, இவற்றில் ஒன்று நடந்திருக்க வேண்டும்.

200 பேர் கப்பல்ல வந்து இறங்கினாங்க. ஆயிரம் வருஷத்துக்கு அப்புறம் எத்தனை பேர்?

வருடத்துக்கு 2% என்று வைத்தால் சுமார் 8,000 கோடி; இன்றைய உலகத்தைப் போல் பத்து மடங்கு. 1% என்றால் 42 லட்சம். 0.7% என்றால் 2.1 லட்சம். 0.5% என்றால் 29,000. சின்னப் புள்ளி வித்தியாசம் ஆயிரம் வருடத்தில் எவ்வளவு பெரிதாகிறது பாருங்கள். காலி நிலம் இருக்கும் முதல் சில தலைமுறைக்கு 3% கூடச் சாத்தியம்: 1790-ல் பிட்கெய்ன் தீவில் இறங்கியவர்கள் முப்பதுக்கும் குறைவு, 1856-ல் சுமார் 190. பிறகு இரண்டாவது பதிலில் சொன்ன வயலின் எல்லை வந்து பிடித்துக்கொள்ளும். ஐஸ்லாந்தில் 9-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குடியேறத் தொடங்கினார்கள். 1703-ல் ஒவ்வொருவரையும் பெயரோடு எண்ணியபோது இருந்தவர்கள் 50,358.

எல்லா எண்ணும் கச்சிதமா பொருந்திடுச்சு. ஆனா நிஜ ஆவணம் மாதிரி தெரியலையே?

எண்ணுகிறவர்களின் பிழையையும் பயத்தையும் சேர்க்க வேண்டும். பிறந்த தேதி தெரியாதவர்கள் வயதைக் கேட்டால் 'நாப்பது இருக்கும்' என்பார்கள். அதனால் 30, 35, 40, 45 வயதுகளில் ஆட்கள் குவிந்து, 39-லும் 41-லும் பள்ளம் விழும். பச்சைக் குழந்தைகள் விடுபடும். வரிக்குப் பயந்தால் வீட்டு ஆட்களைக் குறைத்துச் சொல்வார்கள், ரேஷனுக்காக என்றால் கூட்டிச் சொல்வார்கள்.

எண்ணாமலே விடுவதும் உண்டு. லெபனான் கடைசியாக எண்ணியது 1932-ல். அந்த எண்ணின் மேல் கிறிஸ்தவர் ஆறு, முஸ்லிம் ஐந்து என்ற விகிதத்தில் நாடாளுமன்ற இடங்கள் பங்கிடப்பட்டன. மறுபடி எண்ணினால் பங்கு மாறும் என்பதால் யாரும் எண்ணவில்லை. 1989 ஒப்பந்தத்தில் இடங்களைச் சரிபாதி ஆக்கினார்கள், அப்போதும் எண்ணவில்லை. இலங்கையில் போரினால் 1981-க்குப் பிறகு நாடு முழுவதும் எண்ண முடிந்தது 2012-ல்தான். 2001-ல் 25 மாவட்டங்களில் 18-ல் மட்டுமே கணக்கு முடிந்தது. உங்கள் அட்டவணையிலும் ஒரு மாகாணத்தின் கட்டம் காலியாகக் கிடக்கட்டும். அதன் கீழே ஒரு சின்ன நட்சத்திரக் குறி போட்டு, 'அலுவலர்கள் செல்ல இயலவில்லை' என்று மட்டும் எழுதுங்கள்.